பாத்ததா, கேட்டதா மாமா?

செய்தி வந்தபோது நான் காவலூர் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வானாய்வகத்தைப் பார்க்க வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய தொலைநோக்கி மலையேறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை ஏற்றி வந்த லாரிக்கு முன்னால் பச்சைக் கொடி பிடித்து, வளைவு வளைவாக வழிகாட்டி நடந்தவன் நான்தான். கொடியை ஆட்டுகிற இடத்தில் கைபேசி அடித்தது. ஒடுகத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் முரளி. "மாமா, யசோதாக்கா போய்ட்டாங்க" என்றான்.

எங்கே போனார் என்று கேட்டேன். அவர் எந்நேரமும் எங்காவது போய்க்கொண்டே இருப்பவர்தானே. முரளி மறுபடியும் அதையே சொன்னான். அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே ஒன்றைக் கேட்டது. "டேய், இது நீ பாத்ததா, கேட்டதா?"

"பாத்துட்டுத்தான் மாமா பேசறேன். ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கறேன்."

கையில் இல்லாத அந்தக் கொடியை நான் கீழே விட்டுவிட்டேன். பிள்ளைகள், "அப்புறம் லாரி இன்னா ஆச்சு அங்கிள்?" என்று கேட்டார்கள். லாரி அந்த வளைவிலேயே நிற்கிறது. இன்னும் அதை மேலே ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

யசோதாவை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பழுப்பு நிற ஸ்கூட்டரில், முன்னால் ஒரு துணிப்பை தொங்க, தலைக்கவசத்துக்கு மேல் துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டு மலை ஏறிய அந்தப் பகுதி நேர நிருபரை ஒடுகத்தூர் முதல் கணியம்பாடி வரை தெரியாதவர் இல்லை. சிறுநீரக நோய் இத்தனை நாளாக அவரைத் தின்றுகொண்டிருந்தது மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஊரையே கேள்வி கேட்ட அந்த மனுஷியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். பத்தாம் வகுப்பின் வாசலையும் பார்த்தவன். ஜீப் ஓட்டுவதில் இந்த மலையில் எனக்கு இணை கிடையாது. ஒருமுறை பிரேக் பிடிக்காமல் மேலிருந்து அடிவாரம் வரை கியரிலேயே இறக்கி, இறங்கியதும் டீ குடித்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊரே என்னை மாமா என்று கூப்பிடுகிறது, அதனால் யசோதாவுக்கும் மாமா. மலைச் செய்திகளை அவருக்கு முதலில் கொண்டு போய்க் கொடுப்பது நான்தான். கொடுத்த மாத்திரத்தில் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "பாத்ததா, கேட்டதா மாமா?"

முதன்முதலில் அப்படிக் கேட்டது சிறுத்தை விஷயத்தில். அமிர்திக் காட்டோரத்தில் இரண்டு சிறுத்தைகள் குட்டியோடு திரிவதாகச் சொன்னேன். பாத்ததா, கேட்டதா என்றார். "கேட்டதுதாம்மா. ஆனா சொன்னவன் நல்லவன்" என்றேன். "அந்த நல்லவர் பாத்தாரா?" "அவனுக்கும் ஒரு நல்லவந்தான் சொல்லியிருக்கான்." என்னையும் கூட்டிக்கொண்டு பகலெல்லாம் அலைந்தார். கடைசியில் கிடைத்தது, பால்காரரின் நாயைக் காணோம் என்கிற ஒன்று மட்டும். மறுநாள் பேப்பரில் வந்தது: 'அமிர்தி அருகே வளர்ப்பு நாய் மாயம்.' எனக்கு மானம் போயிற்று. "சிறுத்தைய நாயாக்கிட்டியேம்மா" என்றேன். "நாயக் காணோம்கறது உண்மை மாமா. சிறுத்தை வந்தா அதையும் போட்டுடலாம், அவசரமா?" என்றார். பிறகு சிறுத்தையும் வந்தது. நானே பார்த்தேன். எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் சாலையைக் கடந்தது.

இந்தக் கடைசி வரியை அவர் இருந்தால் அடித்திருப்பார். அடிக்க ஆள் இல்லை, இருக்கட்டும்.

அவரைப் பற்றி நான் சொல்ல வந்தது இதை அல்ல. மேலே ஒரு குக்கிராமம் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், ஏன் என்பது கடைசியில் விளங்கும். சாமையும் புளியும்தான் பிழைப்பு. அங்கே போக அப்போது சரியான ரோடு கிடையாது. ஒரு தேர்தலின்போது, ஊர் ஓட்டு மொத்தமும் எனக்கு விழுந்தால் ரோடு போட்டுத் தருகிறேன் என்று ஒரு வேட்பாளர் வாக்குக் கொடுத்தார். பிரசவ வலியோடு பெண்களைக் கட்டிலில் தூக்கி வருகிற ஊர் அது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் எல்லோரையும் கோயில் முன்னால் கூட்டினார். கல்லில் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவராக உள்ளங்கையால் அடித்து அணைத்து, ஓட்டு இன்னாருக்கே என்று சத்தியம் செய்தார்கள். கற்பூரம் அடித்துவிட்டு மீறினால் சாமி கேட்கும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஒரு வீடு மட்டும் அடிக்கவில்லை. சாமுவேல் வீடு. பிறந்தபோது வைத்த பெயர் சின்னப்பையன், ஜெபத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு சாமுவேல். மனைவி காளியம்மாளும் ஜெபத்துக்குப் போகிறவர்தான். ஆனால் "எங்கப்பன் வெச்ச பேரு, இருந்துட்டுப் போவட்டும்" என்று பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. சாமுவேலின் தம்பியும் அவன் மனைவியும் சேர்ந்து அந்த வீட்டில் நாலு ஓட்டு. "ஓட்டு ஊரு சொல்ற எடத்துலயே போடறேன். கற்பூரம் மட்டும் அடிக்க மாட்டேன்" என்றிருக்கிறார் சாமுவேல். ஊர் காதில் முதல் பாதி விழவே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஜெபம் செய்ய அவர்கள் போட்டிருந்த தகரக் கொட்டகையை ஊர் கூடிப் பிரித்துப் போட்டது. பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, அவர்களோடு யாரும் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது.

அடுத்த நாள் ஒரு டிவியில் 'மலையில் தேவாலயம் எரிப்பு' என்று ஓடியது. எங்கேயோ எரிந்த கட்டடத்தைக் காட்டினார்கள். தென்னை மரம் தெரிந்தது. அந்த ஊரில் தென்னை ஏது? இன்னொரு டிவியில் 'மலையில் எதுவுமே நடக்கவில்லை, அத்தனையும் புளுகு' என்று ஓடியது. நாங்கள் முரளி கடையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியூர் மைக் ஒன்று கடைக்குள் வந்து, "மலையைப் பத்தி நல்லா தெரிஞ்சவங்க யாருங்க?" என்று கேட்டது. கடையே என்னைக் காட்டியது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நெருப்பு பாருங்க..." என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"மாமா, நெருப்ப பாத்தீங்களா?"

"டிவியில பாத்தேனேம்மா."

"அது கேட்டதுல சேர்த்தி. வாங்க, மேல போலாம்."

என் ஜீப்பில்தான் போனோம். ரோடு முடிகிற இடத்திலிருந்து நடந்தோம். கொட்டகை இருந்த இடத்தில் நாலு கம்பங்கள் மட்டும் நின்றன. கரித்துண்டு கூட இல்லை. பிரித்த தகரங்கள் ஓரமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, விளிம்பு பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு பாறாங்கல் வேறு. யசோதா அந்தக் கல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "யாரு அடுக்குனது?" என்று காளியம்மாளைக் கேட்டார்.

"பிரிச்சவங்கதான். பக்கத்து வூட்டுக்காரங்கதானே. தகரம் பறந்து மாட்டு மேல வுழுந்துடப் போவுதுன்னு கல்லு தூக்கியாந்து வெச்சாங்க" என்றார் காளியம்மாள். அதன் பிறகு தம் காலிக் குடத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுக்குத்தான் பேஜாரு. ஓடைக்குப் போய் வரதுக்குள்ள இடுப்பு ஒடியுது. நெருப்பு வெச்சாங்கன்னு டிவியில சொன்னாங்களாமே. நெருப்பு வெக்கல. தண்ணிதான் குடுக்கல."

ஊர்க்கவுண்டர் வந்தார். வெள்ளைத் துண்டும் நரைத்த மீசையுமாக, கோபத்திலும் மரியாதை விடாத மனிதர். "இங்க மதச் சண்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. சத்தியம் பண்ணச் சொன்னோம், பண்ணல. ஊரு பேச்சுக்குக் கட்டுப்படல. அவ்ளோதான்" என்றார்.

"சத்தியம் எந்தச் சாமி முன்னால, ஐயா?"

"எங்க சாமி முன்னாலதான்."

"அவங்க சாமி முன்னால பண்ணச் சொல்லியிருந்தா?"

கவுண்டர் நிஜமாகவே யோசித்தார். "அதுக்குக் கற்பூரம் கெடையாதேம்மா" என்றார்.

மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் வந்தது நாலே வரி. ஓட்டு குறித்து ஊர்த் தெய்வத்தின் முன் சத்தியம் செய்ய மறுத்த கிறிஸ்தவக் குடும்பத்தின் ஜெபக் கொட்டகை பிரிக்கப்பட்டது. தகரங்கள் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. தீ வைப்பு எதுவும் நடக்கவில்லை. பொதுக்குழாயில் அந்தக் குடும்பம் தண்ணீர் பிடிப்பது தடுக்கப்பட்டுள்ளது.

இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது. அடுக்கி வைத்ததை ஏன் எழுதினாய், அவர்களை நல்லவர்களாகக் காட்டவா என்று ஒரு பக்கம். பிரித்ததை ஏன் எழுதினாய், மலைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரவா என்று இன்னொரு பக்கம். முரளி கடையில் உட்கார்ந்து எல்லா போனுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "அடுக்கி வெச்சாலும் பிரிச்சது பிரிச்சதுதான். பிரிச்சாலும் அடுக்கி வெச்சது வெச்சதுதான்." எனக்கு மட்டும் தனியாகச் சொன்னார். "எரிஞ்சதுன்னு எழுதிட்டா, எரியாத தகரத்து போட்டோ ஒண்ணு போதும் மாமா. அதோட அந்தம்மா குடமும் பொய்யாயிடும்."

அப்படித்தான் நடந்தது. டிவிக்காரர்கள் போய்ப் பார்த்து, தீயைக் காணோம் என்று திரும்பிவிட்டார்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது அந்த நாலு வரிக்காக. அதிகாரி நின்றவரை குழாய் காளியம்மாளுக்கும் திறந்திருந்தது. அவர் ஜீப் இறங்கியதும் மூடிக்கொண்டது. "எண்ணற அன்னிக்குத் தெரிஞ்சிடும். ஊரு ஓட்டுல ஒண்ணு கொறஞ்சாலும் அப்பறம் கொட்டகை மட்டும் இல்ல, அவங்க வூடும் இங்க இருக்காது" என்று கவுண்டர் கூட்டத்தில் அறிவித்துவிட்டார்.

ஓட்டுப்பதிவுக்கு முன் மறுபடி மேலே போனோம். காளியம்மாள் யசோதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பொட்டியில ஓட்டுப் போட்டா கண்ணாடிக்குள்ள சீட்டு வுழுதே தாயி, அதுல எம்பேரு இருக்குமா?" கோயிலில் சாமியிடம் சீட்டுப் போட்டுக் குறி கேட்பார்கள் இல்லையா, அதைப்போல அந்தச் சீட்டும் கடைசியில் கவுண்டர் கைக்குத்தான் போகும் என்று ஊரில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"பேரு இருக்காதும்மா. சின்னம்தான் இருக்கும். கொஞ்ச நேரம் தெரிஞ்சிட்டு உள்ள வுழுந்துடும். யாரு போட்டாங்கன்னு பொட்டிக்கே தெரியாது."

சாமுவேல் ஓரமாக உட்கார்ந்து புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார். "பொட்டிக்குத் தெரிய வேணாங்க. இந்த ஊருக்குன்னு ஒரே பொட்டி. எண்ணறப்ப நாலு ஓட்டு தள்ளி நின்னா, அது யாரு வூடுன்னு ஊருக்குத் தெரியாதா? நான் ஊரு சொன்ன எடத்துலதான் போடுவேன். ஆனா வேற எவனாச்சும் மாத்திப் போட்டாலும் எந்தலையிலதானே வுழும்?"

யசோதா குறிப்பு நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். இறங்கும்போது நான் நாலு கதை சொல்லிப் பார்த்தேன், ஒன்றைக்கூட அவர் அடிக்கவில்லை. அடிவாரத்தில் ஸ்கூட்டரை எடுக்கும்போது சொன்னார். "சீலு இருக்குது, பூட்டு இருக்குது, போலீசு இருக்குது மாமா. ஊரு சின்னதா இருக்கறதுக்கு இன்னா பூட்டு போடறது?"

ஓட்டுப்பதிவு முடிந்த சாயங்காலம் அந்த ஊர்ப் பெட்டியைக் கீழே கொண்டுவந்தது என் ஜீப்தான். வேறு யாரை நம்புவார்கள்? ஒரு போலீஸ்காரர், இரண்டு அலுவலர்கள், வாக்குச்சாவடி அதிகாரியாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். வாத்தியார் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வளைவில் டயர் பஞ்சர். நான் ஜாக்கி போட்டுக்கொண்டிருக்கும்போது பைக்கில் போன இரண்டு பேர் படம் எடுத்தார்கள். கடைசி நட்டை முறுக்குவதற்குள் போலீஸ்காரரின் போனில் நாங்களே வந்துவிட்டோம்: 'மலைப்பாதையில் மர்ம ஜீப். வாக்குப்பெட்டி மாற்றமா?' மர்ம ஜீப்! சொன்னால் என்ன, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

யசோதாவின் ஸ்கூட்டர் கீழிருந்து ஏறி வந்தது. "பொட்டி வண்டிய வுட்டு எறங்குச்சா மாமா?"

"பொட்டியும் எறங்கல, வாத்தியாரும் எறங்கல. ஒண்ணுக்குப் போகணும்னு சொன்னாரு, போகவே இல்ல."

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார். யசோதா முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் தூர நின்றே பார்த்துக் குறித்துக்கொண்டார். பின்னால் வர வேண்டிய பாதுகாப்பு வண்டி எங்கே என்று கேட்டார். அது வரவே இல்லை. மறுநாள் எழுதினார்: பஞ்சரால் தாமதம், பெட்டி வண்டியை விட்டு இறங்கவில்லை. பாதுகாப்பு வண்டி உடன் வராதது தவறு. பெட்டியை மூடி ஒட்டிய முத்திரைத்தாளில் வேட்பாளர்களின் முகவர்கள் கையெழுத்து இருக்கிறது, எண்ணும் நாளில் அவர்களே சரிபார்க்கலாம். ஓட்டுநர் பெயரை மட்டும் போடவில்லை. கேட்டதற்கு, "பஞ்சர் ஆனதுக்கு மாலை போடணுமா?" என்றார்.

எண்ணும் நாள். சுயேச்சை வேட்பாளர் ஒருவருக்கு நான் முகவராக உள்ளே இருந்தேன். ஆள் கிடைக்காமல் என்னைப் போட்டதாகச் சிலர் சொல்வார்கள். என் கண்ணின் கூர்மையைக் கேள்விப்பட்டுத்தான் போட்டார். கம்பி வலைக்கு இந்தப்பக்கம் நான், என் பக்கத்தில் ஊர்க்கவுண்டர். அந்த ரோட்டு வேட்பாளருக்கு அவர் முகவர். ஊர்ப் பெட்டி மேசைக்கு வந்தது. அதிகாரி முத்திரைத்தாளைத் தூக்கிக் காட்டினார். கவுண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஓட்டுப்பதிவு முடிந்த அன்று அவரே போட்ட கையெழுத்து, பாம்பு மாதிரி வால் நீண்டு கிடந்தது. "நம்ம கையெழுத்துதான். பொட்டி சரியா கீது" என்று சத்தமாகச் சொன்னார்.

பொத்தானை அமுக்கினார்கள். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. தள்ளி விழுந்தால் நாலு ஓட்டுதான் விழும் என்பது கவுண்டரின் கணக்கு. ஊர் சொன்ன ஆளுக்கு விழாத ஓட்டு நாலில் நிற்கவில்லை. அவர் ஒரு கையை விரித்து எண்ணினார், மற்றக் கையையும் விரித்தார், அப்புறம் விரல் போதாமல் கையை மடக்கிக்கொண்டார். எண்ணிக்கையை நான் இங்கே எழுதப் போவதில்லை. கற்பூரம் அடித்த கைகள் பல, திரைக்குப் பின்னால் போய் வேறு பொத்தானை அமுக்கியிருக்கின்றன என்பது மட்டும் போதும். சாமுவேல் வீடு எந்தப் பக்கம் போட்டது என்று இனி சாமியாலும் சொல்ல முடியாது.

கட்சிக்காரர் ஒருவர் கவுண்டர் காதில் குனிந்தார். "பெரியவரே, ஜீப்பு வழியில நின்னுச்சே. பொட்டிய மாத்திட்டாங்கன்னு சொல்லுங்க. இப்பவே ஜல்தியா சொன்னா நிறுத்திடலாம்."

கவுண்டர் அந்த முத்திரைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து போட்டிருக்கேனேப்பா" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் வெளியே ஓடினேன். பத்திரிகைக்காரர்களுக்குப் போட்ட பந்தலில் யசோதா உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"பாத்ததா, கேட்டதா?"

"பாத்தது! இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்மா!"

வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சொல்கூடச் சேர்க்காமல் அவருக்குக் கொண்டுவந்த செய்தி அது. அவர் பேனாவை மூடினார்.

"இது வேணாம் மாமா."

"இன்னாம்மா சொல்றே? இதாம்மா செய்தி! மொதப் பக்கம் போவும்!"

"போவும். அப்பறம் அந்த ஊருல ஒவ்வொரு வூடா தேடுவாங்க. ஒரு வூட்டத் தேடுனவங்க எல்லா வூட்டையும் தேடுவாங்க. இன்னிக்கித்தான் அவங்க ஒளிஞ்சிக்க ஒரு எடம் கெடைச்சிருக்குது. நாம போய் வெளக்கு புடிக்க வேணாம்."

"தேடறவனுக்கு எப்படியும் தெரியுமேம்மா. கணக்கு வெளியில வரத்தானே போவுது?"

"தேடறவன் தேடிக்கட்டும். கையப் புடிச்சிக் கூட்டிகினு போயி நான் ஏன் காட்டணும்?"

எனக்குக் கோபம்தான். பார்த்தால் எழுதலாம் என்று சொன்னவரே பார்த்ததை எழுத வேண்டாம் என்கிறாரே என்று. அதைச் சொல்லியும் காட்டினேன். "பாத்தத எல்லாம் எழுதணும்னு நான் எப்ப மாமா சொன்னேன்? பாக்காதத எழுதக் கூடாதுன்னுதான சொன்னேன்?" என்றார். அன்று அந்தப் பந்தலில் ஆளுக்கொரு புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நாங்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துச் சாப்பிட்டு முடித்தோம்.

அடுத்து நாங்கள் மேலே போனபோது நான் முதலில் சாமுவேல் வீட்டுக் கூரையைத்தான் தேடினேன். வீடு இருக்குமோ இருக்காதோ என்று. குழாயடியில் வரிசையாகக் குடங்கள். மூன்றாவதாக நின்றது காளியம்மாளின் நசுங்கிய குடம். யாரும் விழா எடுத்து அதை அங்கே வைக்கவில்லை. ஒருநாள் காலை முன்னால் நின்ற பெண் தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாளாம், அவ்வளவுதான். தகரங்கள் மட்டும் இன்னும் அடுக்கியபடியே கிடந்தன, கல்லும் மேலேயே இருந்தது. ஜெபத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம் என்றார் சாமுவேல். அதைச் சொல்லும்போது அவர் தகரங்களின் பக்கம் பார்க்கவில்லை.

கவுண்டர் தம் வாசலில் பலா பிளந்துகொண்டிருந்தார். எண்ணிக்கை விவரத்தை ஊருக்கு எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் மெல்ல விசாரித்தேன். "ஊரு ஓட்டு ஊருக்கே வுழுந்துச்சின்னு சொன்னாரு. அதோட பேச்ச வுட்டுட்டாரு" என்றார் அவர். சொன்னவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. கற்பூரம் அடித்த அவர் கையை நான் பார்த்தேன்.

கவுண்டர் பலாச்சுளையை இலையில் வைத்து யசோதாவிடம் நீட்டினார். "நீ எழுதிடுவேன்னு பாத்துகினு இருந்தேம்மா" என்றார்.

"நீங்க சொல்லிடுவீங்கன்னு நானும் பாத்துகினு இருந்தேங்க" என்றார் யசோதா.

இருவரும் சுளையைத் தின்றார்கள். நானும் தின்றேன். அந்த மலையில் அத்தனை இனிப்பான பலா அதற்கு முன்னும் பின்னும் காய்த்ததில்லை. இது மிகை இல்லை, தின்றவன் சொல்கிறேன். ரோடு பாதி வந்தது. மீதிக்கு அடுத்த தேர்தல் வர வேண்டும்.

முரளியின் செய்தி வந்த அன்று யசோதாவின் வீட்டு வாசலில் கூட்டம் சந்து முனை வரை நின்றது. கவுண்டர் வந்திருந்தார். சாமுவேலும் காளியம்மாளும் வந்திருந்தார்கள். மூவரும் ஒரே ஜீப்பில்தான் இறங்கினார்கள், ஓட்டி வந்தவன் நான். காளியம்மாள் உள்ளே போய் அவர் காலைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போகாமல் இருந்தால் இது கேட்டதாகவே இருந்துவிடும், யாரோ நல்லவன் சொன்னதாகப் போய்விடும் என்று நினைத்தேன். கவுண்டர்தான் தோளைத் தொட்டு, "வாய்யா, மொகம் பாத்துடு" என்று உள்ளே கூட்டிப் போனார். பார்த்துவிட்டேன்.

இப்போது முரளி கடையில் நான் கதை சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிலர் அப்படியே நம்பியும் விடுகிறார்கள், அதுதான் தாங்கவில்லை. சிறுத்தைகளை ஏழு வரை ஏற்றிப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. நான் சொன்னது போனில் ஏறுகிறது, கைதட்டல் வாங்குகிறது, அடுத்த போனுக்குப் போகிறது. பழுப்பு ஸ்கூட்டர் எதுவாவது ஒடுகத்தூர்ப் பக்கம் திரும்பினால் இன்றும் என் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு கேள்வி வரும் என்று காத்திருக்கிறேன். ஸ்கூட்டர் போய்விடுகிறது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "எந்த ஊரு மாமா அது?" வாய் ஓட்டை என்று பெயரெடுத்தவன் நான். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறவன். இந்த ஒன்றுக்கு மட்டும் கையால் மலையைக் காட்டி, "மேல" என்பேன். எந்த வளைவு, எந்தப் பக்கம் என்று குடைவார்கள். "மேலதான்" என்பேன். யசோதா எனக்கென்று விட்டுப்போனது இந்த ஒரு முத்திரைதான். அதில் வால் நீண்ட கோணல் கையெழுத்தாக என்னுடையதும் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் அது நான் போட்டதுதான் என்பேன், உடைக்க மாட்டேன்.